ஒரு சிப்பாய் அதிகமா இருந்தும் ஏன் ஜெயிக்க முடியல, டீச்சர்?

2022 ஜூலை மாதம். மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடங்கவிருந்த நேரம். பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று அரசுப் பள்ளி மாணவர்களுக்கான சதுரங்கப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் அப்போது விடுப்பில் இருந்தார். "நீங்க கணக்கு டீச்சர்தானே, செஸ் சொல்லிக்கொடுக்க மாட்டீங்களா?" என்று அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. எந்தக் காய் எப்படி நகரும் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தேன்.

எங்கள் பள்ளி சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பள்ளி அளவில் முதலிடம் பெற்ற எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வட்டாரப் போட்டிக்கு வந்தாள். அவள் அம்மா தீப்பெட்டி ஆலையில் வேலை பார்ப்பவர். அன்றைக்கு அரை நாள் கூலியை விட்டுவிட்டு மகளோடு வந்திருந்தார். கடைசிச் சுற்றில் ஜெயித்தால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு, இரண்டு ராஜாக்களும் அவளுடைய வெள்ளைச் சிப்பாய் ஒன்றும் மட்டும் பலகையில் மிஞ்சின. சிப்பாய் எட்டாவது வரிசைக்குப் போனால் ராணி ஆகிவிடும், இனி வெற்றிதான் என்று நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். வேகவேகமாகச் சிப்பாயைத் தள்ளினாள். அது ஏழாவது வரிசைக்கு வந்து நின்றது. எதிரி ராஜாவுக்கு நகர இடமில்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா என்றார் நடுவர்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "எனக்கு ஒரு சிப்பாய் அதிகமா இருந்துச்சே, டீச்சர். அப்புறம் ஏன் ஜெயிக்க முடியல?"

"கொஞ்சம் அவசரப்பட்டுட்டம்மா" என்றேன். அது பதில் அல்ல என்பது அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஒரு கணக்கு தப்பாகிப் போனால் எந்தப் படியில் தப்பு என்று காட்டாமல் 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுப்பதைப் போன்றது அது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தேடப் போய்த்தான் சதுரங்கத்தின் இறுதிக்கட்ட ஆட்டங்களை நான் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றில் வகுப்பறைக்கு உதவியவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

காய் தொலைந்த செட்டே போதும்

பல பள்ளிகளில் உள்ள சதுரங்கப் பெட்டியைத் திறந்தால் ஒரு குதிரை இருக்காது, ஒரு யானைக்குத் தலை இருக்காது. முழு ஆட்டம் ஆட முடியவில்லை என்று பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிடுவோம். ஆனால் ராஜாவும் சிப்பாயும் மட்டும் உள்ள இறுதிக்கட்ட ஆட்டத்துக்கு இரண்டு ராஜாக்களும் ஓரிரு சிப்பாய்களும் இருந்தால் போதும். ஒரு செட்டைப் பிரித்து மூன்று நான்கு பலகைகளுக்குக் கொடுக்கலாம்.

பலகைக்கும் நாங்கள் செலவு செய்யவில்லை. எங்கள் ஊரில் பழைய தினசரி காலண்டர் அட்டை இல்லாத வீடு கிடையாது. அட்டையின் பின்பக்கத்தில் அளவுகோல் வைத்து எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு வரச் சொன்னேன். அதுவே ஆறாம் வகுப்புக்கு ஓர் அளவியல் பயிற்சி ஆனது. காலித் தீப்பெட்டிகள் சிப்பாய்களாயின. குளிர்பான மூடிகளில் 'ரா' என்று எழுதினால் ராஜா.

கட்டங்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளை ஆடுபவரின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று எட்டு நேர்வரிசைகள். வெள்ளையின் பக்கத்திலிருந்து கறுப்பின் பக்கமாக 1 முதல் 8 வரை எண்கள். இ4 என்றால் இ வரிசையில் நான்காவது கட்டம். வரைபடத் தாளில் புள்ளி குறிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது ஐந்து நிமிட வேலை. கட்டுரையைப் படிக்கும்போது நீங்களும் ஒரு பலகையை அருகில் வைத்துக்கொண்டால் நல்லது.

முதல் வியப்பு: சிப்பாய் காத்திருக்க, ராஜா முன்னே போக வேண்டும்

அந்த மாணவியின் ஆட்டம் இப்படி இருந்தது. வெள்ளை ராஜா டி3, வெள்ளைச் சிப்பாய் இ2, கறுப்பு ராஜா இ6. நகர்த்த வேண்டியது வெள்ளை.

அவள் செய்தது: சிப்பாயை இ4-க்குத் தள்ளினாள். கறுப்பு ராஜா உடனே இ5-க்கு வந்து சிப்பாயின் வழியை மறித்தது. அதன் பிறகு எவ்வளவு முயன்றாலும் டிராதான். வெள்ளை ராஜா பக்கவாட்டில் வந்து விரட்டினால் கறுப்பு ராஜா ஓரடி பின்வாங்கும். சிப்பாய் ஓரடி ஏறும். மறுபடியும் அதே மறியல். முடிவில் வெள்ளை ராஜா இ6, சிப்பாய் இ7, கறுப்பு ராஜா இ8 என்று வந்து நகர்த்தும் முறை கறுப்புக்கு வரும்போது அதற்குப் போக இடம் இருக்காது. அதுதான் அன்று நடந்த ஸ்டேல்மேட்.

அவள் செய்திருக்க வேண்டியது: சிப்பாயைத் தொடாமல் ராஜாவை இ4-க்குக் கொண்டுபோவது. இப்போது இ4-இல் வெள்ளை ராஜா, இ6-இல் கறுப்பு ராஜா. நடுவில் ஒரே ஒரு கட்டம். இரண்டு ராஜாக்களும் நேருக்கு நேர் நிற்கின்றன. ஒன்றையொன்று நெருங்கக் கூடாது என்பது விதி. நகர்த்த வேண்டிய முறை கறுப்புக்கு. அது இடம் கொடுத்தே ஆக வேண்டும். இதை எதிர்நிலை என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

கறுப்பு டி6-க்குப் போனால் வெள்ளை மறுபக்கமாக எஃப்5-க்குப் போகும். கறுப்பு இ7, வெள்ளை இ5: மறுபடியும் நேருக்கு நேர். கறுப்பு டி7, வெள்ளை எஃப்6. கறுப்பு இ8, வெள்ளை இ6. கறுப்பு டி8, வெள்ளை எஃப்7. இப்போது இ6, இ7, இ8 ஆகிய மூன்று கட்டங்களும் வெள்ளை ராஜாவின் காவலில். இதுவரை இ2-இல் அசையாமல் நின்ற சிப்பாய் இனி நிதானமாக நடந்து போய் ராணியாகலாம்.

இதில் பிள்ளைகளை அசரவைப்பது ஒன்று உண்டு. சதுரங்கத்தில் நகர்த்தும் முறை கிடைப்பது நமக்கு நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்போம். இங்கே நகர்த்த வேண்டியவர்தான் தோற்கிறார். 'இந்த முறை நான் சும்மா இருக்கிறேன்' என்று சொல்ல மட்டும் முடிந்தால் கறுப்பு தப்பித்துவிடும். அப்படிச் சொல்லச் சதுரங்கத்தில் அனுமதி இல்லை. நகர்ந்தே தீர வேண்டும் என்ற இந்தக் கட்டாயத்துக்குச் சதுரங்க உலகில் சுக்ஸ்வாங் என்ற ஜெர்மன் சொல் வழங்குகிறது.

அப்படியானால் எதிர்நிலையில் நகர்த்தும் முறை நமக்கே வந்துவிட்டால்? வெள்ளை ராஜா இ4, சிப்பாய் இ2, கறுப்பு ராஜா இ6. நகர்த்த வேண்டியது வெள்ளை. ராஜாவை நகர்த்தினால் நாம்தான் இடம் கொடுக்க வேண்டும். ஆனால் சிப்பாய் இன்னும் தன் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதை இ3-க்கு ஓரடி வைத்தால் போதும். ராஜா அசையவில்லை, முறை கறுப்புக்குப் போய்விட்டது. வெள்ளைக்கு வெற்றி. இதே நிலையில் சிப்பாய் முன்பே இ3-க்கு வந்திருந்தால்? கையில் மிச்ச நடை இல்லை, டிரா. சிப்பாய் முன்னேறியிருப்பது நல்லதுதானே என்று தோன்றும். இங்கே பின்னால் இருப்பதுதான் வெற்றி.

இதை முதன்முதலாக விளக்கியபோது அந்த மாணவி சொன்னாள்: "ஒரே குச்சி இருக்குற தீப்பெட்டி மாதிரி டீச்சர். தேவையில்லாம உரசிட்டா ராத்திரிக்கு இருக்காது." எந்தச் சதுரங்க நூலிலும் இவ்வளவு நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை. இன்றும் எங்கள் பள்ளியில் மிச்ச நடைக்குப் பெயர் 'கடைசிக் குச்சி'.

இரண்டாவது வியப்பு: குறுக்கு வழியும் நேர்வழியும் ஒரே தூரம்

முக்கோணத்தின் இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாவது பக்கத்தைவிட அதிகம் என்று வகுப்பில் நடத்துகிறோம். நேர்கோடுதான் மிகக் குறுகிய வழி. சதுரங்கப் பலகையில் ராஜாவுக்கு இந்த விதி பொருந்தாது. இ1-இல் நிற்கும் ராஜா இ8-க்குப் போக எத்தனை நடை? நேராகப் போனால் 7. மூலைவிட்டமாக எச்4 வரை போய், எச்5-க்கு ஏறி, பிறகு மூலைவிட்டமாகத் திரும்பி வந்தாலும் 7 தான்.

இதைச் சொல்லிவிடாதீர்கள், எண்ணிப் பார்க்க விடுங்கள். அடுத்த கேள்வி இன்னும் சுவையானது: 7 நடையில் இ1-இலிருந்து இ8-க்குப் போக எத்தனை வெவ்வேறு வழிகள்? இ1-இல் 1 என்று எழுதச் சொல்லுங்கள். மேல் வரிசையில் ஒவ்வொரு கட்டத்திலும், அதற்கு நேர் கீழே உள்ள எண்ணையும் கீழே இருபுறமும் மூலையில் உள்ள எண்களையும் கூட்டி எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் வரிசை 1, 1, 1. மூன்றாம் வரிசை 1, 2, 3, 2, 1. நான்காம் வரிசை 1, 3, 6, 7, 6, 3, 1. இ நேர்வரிசையில் மட்டும் பார்த்தால் 1, 3, 7, 19, 51, 141 என்று வளர்ந்து இ8-இல் 393 வரும். கூட்டல் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம். பாஸ்கல் முக்கோணம் படிக்கும் பிள்ளைக்கு அதன் உறவுக்காரர் ஒருவரைக் காட்டியதாகவும் ஆகும்.

இந்த வடிவியலை வைத்து ரிச்சர்ட் ரெட்டி 1921-இல் ஒரு புதிர் அமைத்தார். சதுரங்க உலகின் மிகப் புகழ்பெற்ற புதிர்களில் அது ஒன்று. வெள்ளை ராஜா எச்8, வெள்ளைச் சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, கறுப்புச் சிப்பாய் எச்5. வெள்ளை நகர்த்தி டிரா செய்ய வேண்டும். பார்த்தவுடன் யாரும் முடியாது என்றுதான் சொல்வார்கள். கறுப்புச் சிப்பாயைத் துரத்தினால் எட்டாது; வெள்ளைச் சிப்பாய்க்குத் துணை போகவும் தூரம் அதிகம். ரெட்டியின் விடை: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதே. ராஜா ஜி7, எஃப்6 என்று மூலைவிட்டமாக வருகிறது. ஒவ்வோர் அடியிலும் கறுப்புச் சிப்பாயையும் நெருங்குகிறது, தன் சிப்பாயையும் நெருங்குகிறது. கறுப்பு தன் சிப்பாயை எச்4, எச்3 என்று ஓட்டிக்கொண்டே போனால், வெள்ளை ராஜா தன் சிப்பாயிடம் போய்ச் சேர்ந்து அதையும் ராணியாக்கிவிடும். கறுப்பு இடையில் நிறுத்தி ராஜாவை பி6-க்குக் கொண்டுவந்தால், வெள்ளை ராஜா இ5-க்கு வரும். சி6 சிப்பாயைக் கறுப்பு வெட்டினால் வெள்ளை எஃப்4-க்குப் போய் எச் சிப்பாயைப் பிடித்துவிடும்.

ரெட்டியின் புதிர் தோல்வியிலிருந்து தப்பிக்க. அதே கருத்து ஜெயிக்கவும் உதவும். அதே 1921-இல் பெர்லினில் ஷ்லாகே, ஆவெஸ் இருவரும் ஆடிய ஆட்டத்தில் வந்த நிலை இது. வெள்ளை ராஜா இ6, சிப்பாய் ஏ6. கறுப்பு ராஜா சி3, சிப்பாய் ஏ7. நகர்த்த வேண்டியது வெள்ளை. ஏ7 சிப்பாயை வெட்டினால்தான் வெள்ளைக்கு வழி திறக்கும். அதற்கு 4 நடை. வெள்ளை அதை வெட்டும்போது கறுப்பு ராஜா சி7-க்கு வந்துவிட்டால் வெள்ளை ராஜா மூலையில் அடைபட்டு ஆட்டம் டிரா.

பிள்ளைகளில் பெரும்பாலோர் டி6, சி6, பி7, ஏ7 என்று போவார்கள். கறுப்பு டி4, இ5, டி6, சி7 என்று சரியாக 4 நடையில் வந்து சேர்ந்துவிடும். டிரா. இப்போது டி6-க்குப் பதில் டி5 வழியாகப் போகச் சொல்லுங்கள்: டி5, சி6, பி7, ஏ7. இதுவும் 4 நடைதான். ஆனால் டி5-இல் நிற்கும் வெள்ளை ராஜா கறுப்புக்கு டி4-ஐ மறுத்துவிடுகிறது. கறுப்பு பி4, ஏ5, பி5 என்று சுற்றி வந்தால், ஏ7 வெட்டப்பட்ட பிறகு அது சி6-க்குத்தான் வர முடியும். ஓரடி தாமதம். வெள்ளை ராஜா பி8-க்கு ஏறும், சிப்பாய் ராணியாகும். தூரம் ஒன்றாக இருக்கும்போது, போகிற வழியில் எதிரியின் தோளை இடித்துக்கொண்டு போ என்பதுதான் இதில் உள்ள பாடம்.

மூன்றாவது வியப்பு: ஜெயிக்கப் பின்வாங்கு

1912-இல் ஃபார்னி, அலாப்பின் ஆடிய ஆட்டத்தில் வந்த நிலை. வெள்ளை ராஜா டி5, சிப்பாய்கள் ஏ5, சி6. கறுப்பு ராஜா சி8, சிப்பாய் ஏ6. நகர்த்த வேண்டியது வெள்ளை.

முன்னேறிப் பாருங்கள். ராஜா டி6, கறுப்பு டி8. சிப்பாய் சி7 செக், கறுப்பு சி8. ராஜா சி6 என்று காவல் காத்தால் ஸ்டேல்மேட். எங்கள் மாணவிக்கு நேர்ந்த அதே கதை. ராஜா சி5 போனால் கறுப்பு சி7-இல் வந்து நின்றுகொள்ளும்.

ஆனால் இதே நிலையில் நகர்த்தும் முறை கறுப்புக்கு இருந்தால் அது தோற்றுவிடும். சி7-க்கு வந்தால் வெள்ளை சி5. பிறகு பி6 வழியாக ஏ6 சிப்பாய் போய்விடும். டி8-க்குப் போனால் வெள்ளை டி6, கறுப்பு சி8, இப்போது சி7 என்று தள்ளினால் செக் இல்லை, கறுப்பு ராஜா பி7-க்கு விலகியே ஆக வேண்டும், வெள்ளை டி7-க்கு வந்து ராணியாக்கும். ஆக, வெள்ளைக்கு வேண்டியது புதிய இடம் அல்ல. இதே இடம், முறை மட்டும் மாற வேண்டும்.

எப்படி மாற்றுவது? வெள்ளை ராஜா சி4-க்குப் பின்வாங்குகிறது, பிறகு டி4, பிறகு மீண்டும் டி5. ஒரு சிறு முக்கோணம். புறப்பட்ட இடத்துக்கே திரும்ப 3 நடை. கறுப்பு ராஜாவுக்கு அந்த வசதி இல்லை. சி8-இலிருந்து பி8-க்கோ டி8-க்கோ போய்த் திரும்புவதற்கு 2 நடைதான் ஆகும். சி7-இல் கால் வைத்தால் சி5 காத்திருக்கிறது. ஒருவருக்கு ஒற்றைப்படை, இன்னொருவருக்கு இரட்டைப்படை. எனவே வெள்ளை டி5-க்குத் திரும்பும்போது கறுப்பு சி8-இல் நிற்கும். நகர்த்தும் முறையும் அதற்குத்தான். ஒற்றை எண், இரட்டை எண் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள்.

நான்காவது வியப்பு: இரண்டைக் கொடுத்து ஒன்றைக் காப்பாற்று

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆறு தீப்பெட்டிகள் போதும். வெள்ளைச் சிப்பாய்கள் ஏ5, பி5, சி5. கறுப்புச் சிப்பாய்கள் ஏ7, பி7, சி7. ராஜாக்கள் தூரத்தில், வெள்ளை எச்1, கறுப்பு எச்8. வெள்ளை முதலில் நகர்த்துகிறது. மூன்றுக்கு மூன்று, எந்த வழியும் திறந்திருக்கவில்லை.

விடை: நடுச் சிப்பாயை பி6-க்குத் தள்ள வேண்டும். வெட்டிக்கொள் என்று நீட்டுவது! கறுப்பு ஏ சிப்பாயால் வெட்டினால், அடுத்து சி6 என்று இன்னொன்றையும் நீட்ட வேண்டும். பி7 சிப்பாய் அதை வெட்டினால் ஏ நேர்வரிசை முழுவதும் காலி. ஏ6, ஏ7, ஏ8, ராணி. கறுப்பு சி சிப்பாயால் பி6-இல் வெட்டினால் அடுத்து ஏ6. அதை வெட்டினால் சி நேர்வரிசை காலி. வெட்டாமல் விட்டாலும் நம் சிப்பாய் ஒன்று வெட்டிக்கொண்டு உள்ளே புகுந்துவிடும்.

இதே நிலையில் முதலில் நகர்த்துவது கறுப்பு என்றால்? பிள்ளைகளைத் தேட விடுங்கள். கறுப்பு தன் நடுச் சிப்பாயை பி6-க்கு வைத்தால் உடைப்பு நின்றுவிடும். தாக்குபவரும் தடுப்பவரும் தேடுவது ஒரே கட்டத்தைத்தான்.

சிங்கப்பூரில் ஒரு மாலை

இவையெல்லாம் புத்தகப் புதிர்கள்தானே, உண்மை ஆட்டத்தில் வருமா என்று கேட்கலாம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆவது, கடைசி ஆட்டம். சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் 6½–6½ என்று சமநிலையில் இருந்தார்கள். குகேஷ் கறுப்பு. இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு 2 சிப்பாய்கள், டிங்குக்கு 1. டிரா ஆகும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நினைத்தார்கள்.

55-ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். காய்கள் குறைந்தால் டிரா சுலபம் என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் அவருடைய பிஷப் ஏ8 மூலையில் இருந்தது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-க்குக் கொண்டுவந்து எதிரில் வைத்தார். மூலையில் நின்ற பிஷப்புக்கு இருப்பது ஒரே மூலைவிட்டம். அது முழுவதும் குகேஷின் பிஷப் பார்வையில். மாற்றத்தைத் தவிர்க்க வழியில்லை. பிஷப்களும் போயின. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும். டிங்கின் ராஜா இ3-க்கு வந்தது. 58-ஆவது நகர்த்தலில் குகேஷின் ராஜா இ5-க்கு வந்தது. டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 7½–6½.

சில நாட்கள் கழித்து ஒரு மதிய உணவு இடைவேளையில் காலண்டர் அட்டையில் அந்த ராஜாக்களை மட்டும் வைத்து, "இன்னும் எத்தனையோ நகர்த்தல் பாக்கி இருக்கே, டிங் ஏன் இங்கேயே நிறுத்திட்டார்?" என்று கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அந்த மாணவி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இ3, இ5. நடுவில் ஒரு கட்டம். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த நடை அவரோடது, டீச்சர். அவர்கிட்ட கடைசிக் குச்சி இல்ல."

ஒரு சிப்பாய் அதிகம் என்பதும் காரணம்தான். ஆனால் அந்த ஒன்றை வெற்றியாக மாற்றுவது எது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்று பேருந்தில் அவள் கேட்ட கேள்விக்கு இரண்டரை ஆண்டு கழித்து அவளே பதில் சொல்லிவிட்டாள்.

வகுப்பறையில் செய்து பார்க்க

வாரம் ஒரு நிலை போதும். மன்றச் செயல்பாட்டு நேரமோ மதிய இடைவேளையோ 20 நிமிடம் ஒதுக்கினால் ஒரு பருவத்தில் இந்த நான்கையும் நன்றாகப் பழகிவிடலாம்.

நிலையைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு விடையைச் சொல்லாதீர்கள். இருவர் இருவராக ஆடட்டும். ஒரு முறை வெள்ளை, ஒரு முறை கறுப்பு. ஒரே நிலையில் ஒருவர் ஜெயித்து இன்னொருவர் டிரா செய்திருந்தால், எந்த நகர்த்தலில் பாதை பிரிந்தது என்று அவர்களே தேடட்டும்.

ஒவ்வொரு நிலையிலும் மூன்று கேள்விகள் கேட்கிறோம். எத்தனை நடை என்று எண்ணினாயா? நகர்த்தும் முறை உனக்கு இருப்பது நல்லதா, கெட்டதா? முதலில் தோன்றிய நகர்த்தலைத் தவிர வேறு ஒன்றைப் பார்த்தாயா? மூன்றாவது கேள்விதான் கடினம். சிப்பாயைத் தள்ளுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். இந்தக் கட்டுரையில் உள்ள வெற்றி ஒவ்வொன்றும் முதலில் தோன்றாத நகர்த்தலில்தான் இருக்கிறது.

'தோத்துட்டேன்' என்று காய்களைக் கலைக்கும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு ரெட்டியின் நிலையைக் கொடுங்கள். ஜெயித்துவிட்டோம் என்று அவசரப்படும் பிள்ளைக்கு முதல் நிலையைக் கொடுங்கள்.

அந்த மாணவி மாவட்டப் போட்டிக்குக் கடைசிவரை போகவில்லை. இப்போது பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறைச் சனிக்கிழமைகளில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு வந்து உட்காருகிறாள். போன மாதம் அவள் அம்மாவைக் கடைவீதியில் பார்த்தேன். "அன்னைக்கு ஏன் ஜெயிக்கலைன்னு வீட்டுல தீப்பெட்டிய வச்சு எனக்கே சொல்லிக்கொடுத்துட்டா, டீச்சர்" என்றார். "நானும் ராஜாவத்தான் முன்னாடி நகர்த்தினேன். சரின்னுட்டா."